திறந்த ட்யூப் திருப்பி எடுப்பதில்லை

சிம்மக்கல் மருந்துக்கடையில்
எனக்கு இது பன்னிரண்டாம் வருஷம்.
பிரிக்காத அட்டை என்றால் மாத்திரையைத் திருப்பி எடுப்போம்.
திறந்த ட்யூப் எடுப்பதில்லை,
கல்லாவுக்கு மேலே எழுதியே இருக்கிறது.

தவமணி கொண்டுவந்தது ட்யூப்கூட இல்லை.
ஒரு ரசீது.
மண்டபத்தில், தீவுக்குப் போகும் படகுத்துறையில்
வனக்காவலர் நீட்டிய பிளாஸ்டிக் வாளிக்குள்
நானூற்று எண்பது ரூபாய்க் களிம்பைப் போட்டுவிட்டு
விடாமல் கேட்டு வாங்கிய துண்டுச்சீட்டு.
"பத்து வருஷமா அபராதம் கிழிச்ச கை.
சீட்டு வாங்குனது இதுதான் முதல் தடவ."

கோரிப்பாளையம் சிக்னலில் நிற்பவள்.
சித்திரை மத்தியானம் அந்த முக்கில்
தார் இளகி பூட்ஸைப் பிடித்து இழுக்கும்.
அழகுக்குப் பூசுகிறவள் இல்லை,
கன்னம் கருகித் தோல் உரிந்து
இரண்டு முறை டாக்டரிடம் போனவள்.

"முகத்த ஈரத்துணியால தொடைக்கச் சொன்னாங்க.
மகனுக்கும் தொடைச்சு விட்டேன்.
அப்புறந்தான் படகு."

கண்ணாடித் தரை வழியே என்ன பார்த்தாள் என்று
அவளுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.
மூளை மாதிரி ஒன்று என்றாள்.
மான்கொம்பு என்றாள்.
பிறகு வெள்ளை.
வேட்டி காயப்போட்ட மாதிரி நெடுக வெள்ளை.
"செத்துப்போச்சான்னு கேட்டேன்.
இன்னும் இல்லையாம்.
வெளுத்த பெறகும் கொஞ்ச நாள்
பட்டினியாக் காத்துக் கெடக்குமாம்."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள்.
என் தலைக்குப் பின்னால்
ஏழே நாளில் வெளுக்கும் க்ரீம்கள்
மூன்று தட்டு நிறைய.
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கடல் சூடேறுவதுதான் பெரிய காரணம் என்று
அந்தக் காவலரே சொன்னாராம்.
அதுக்கு எந்த வாசல்ல வாளி வைக்கிறதுன்னு தெரியல,
இதுக்கு வைக்க முடிஞ்சுது, வச்சிருக்கோம்.

அவள் கேட்டது பணம் இல்லை,
கடலைக் கெடுக்காத களிம்பு ஒன்று.

காலாவதித் தேதி பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்தேன்.
எறும்பு எழுத்தில், ட்யூப் ட்யூபாக,
ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட்.
இத்தனை வருஷம் விற்ற பெயர்களை
முதன்முதலாக வாய்விட்டுப் படித்தேன்.
பதினான்கைத் தள்ளிவிட்டு பதினைந்தாவது:
வெறும் துத்தநாகம். கைக்குழந்தைகளுக்கானது.

"இது தோல்ல எறங்காதும்மா.
சுண்ணாம்பு அடிச்ச மாதிரி அப்படியே நிக்கும்.
இங்க எதுக்கு இது?
கடல் நாலு மணி நேரம் தள்ளி இருக்கு."

பாலத்துப் பக்கம் கையை நீட்டினாள்,
வண்டிகளுக்குக் காட்டுவாளே, அப்படி.
"நான் குளிக்கிற தண்ணி எங்க போகுது?"

பந்தல்குடி வாய்க்காலுக்கு.
வாய்க்கால் வைகைக்கு.
வைகை கடலுக்கு.
போகிறதா என்ன?
ராமநாதபுரம் கண்மாயோடு நின்றுவிடும் ஆறு,
பல வருஷம் அதுவரைகூட எட்டாது.
சொல்ல வாயெடுத்தேன்.
வெள்ளம் வருகிற வருஷமும் உண்டுதானே
என்று நானே அடக்கிக்கொண்டு
பில் போட்டேன். முந்நூற்று இருபது.

ரசீதை மறந்துவிட்டுப் போயிருந்தாள்.
கல்லாவுக்கு மேலே அந்த அட்டைக்குப் பின்னால்
செருகி வைத்திருக்கிறேன்.
முதலாளி இன்னும் பார்க்கவில்லை.

மறுநாள் டவுன் பஸ் சிக்னலில் நின்றது.
காக்கிக்கு மேல் வெள்ளை முகம்.
"என்ன மேடம், கூத்துக்கு வேஷமா?"
என்றான் ஒரு ஆட்டோக்காரன்.
காக்கிச் சட்டை போடாததற்கு
அவனுக்கு ஒரு சீட்டு கிழித்தாள்.

நெற்றியில் புறப்பட்ட வியர்வை
கன்னத்தில் வெள்ளைக் கோடாக இறங்கி,
கழுத்தில் மெலிந்து,
காலர் வரை வந்து நின்றுவிட்டது.

பச்சை விழுந்தது.